ஊர்த் திட்டமும் விதைப்பு வாரமும்

கரிசல் காட்டில் புரட்டாசி பிறந்துவிட்டால் விவசாயிக்கு வேறு நினைவு இராது. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பே, உலர்ந்த மண்ணில் விதையைச் சற்று ஆழமாக இட்டு வைத்தால், முதல் நல்ல மழையிலேயே அது முளைத்துக்கொள்ளும். பின்னால் வரும் வறட்சியையும் ஓரளவு தாங்கும். கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் விவசாய ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பருத்திக்குச் சிபாரிசு செய்வதும் இந்த முன்பருவ விதைப்பையே. செப்டம்பர் கடைசி வாரமும் அக்டோபர் முதல் வாரமும் அதற்கு உகந்த நாட்கள். அவற்றைத் தவறவிட்டவர், மழை பெய்து ஓய்ந்து மண் பதத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்த நாட்களின் நடுவில் அக்டோபர் 2 வருகிறது. காந்தியடிகளின் பிறந்த நாளாகிய அன்று கிராமப் பஞ்சாயத்துகள்தோறும் கிராம சபை கூட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆண்டில் கூடும் சபைகளுள் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. அடுத்த நிதியாண்டுக்கான கிராம வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை பெரும்பாலும் இந்தச் சபையிலிருந்துதான் தொடங்குகிறது. 2018-ஆம் ஆண்டு முதல் இதற்கான இயக்கத்தை மத்திய சர்க்கார் நாடு முழுவதும் அக்டோபர் 2-ஐ ஒட்டியே நடத்தி வந்திருக்கிறது. ஆகவே, ஊரின் வருகிற ஆண்டைப் பற்றிப் பேச வேண்டிய சபை, ஊரார் விதைப் பெட்டியோடு காட்டில் நிற்கும் வாரத்தில் கூடுகிறது. சபைக்கு வராதவர்களைச் சிரத்தையற்றவர்கள் என்று குறை கூறுவது வழக்கமாகிவிட்டது. ஏரை நிறுத்திவிட்டு வா என்று அவர்களிடம் யார் சொல்வது?

பஞ்சாயத்தும் நகராட்சியும் வகுக்கும் திட்டங்களில் பொதுமக்களுக்குச் சட்டம் அளித்திருக்கும் இடம் எது, அந்த இடத்தை நாம் மெய்யாகவே அடைவதற்கு எது தடையாக இருக்கிறது என்பதை இக்கட்டுரையில் நம் பகுதியின் நிலைமைகளைக் கொண்டு ஆராய்வோம்.

அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று அமலுக்கு வந்தது. அதை அடியொற்றிப் பிறந்தது 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன் 3-ஆம் பிரிவின்படி, பஞ்சாயத்தின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினரே. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் அழைத்தால் வந்து கேட்டுப் போகும் கூட்டமன்று அது. ஊரின் ஆண்டுத் திட்டத்துக்கும் வரவுசெலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தரும் அதிகாரமும், தணிக்கை அறிக்கையைப் பார்வையிடும் அதிகாரமும் அந்தச் சபைக்கு உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடி வந்த சபை, 2022-ஆம் ஆண்டு அறிவிப்புக்குப் பின் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை கூடுவதாயிற்று. கோரத்துக்கும் விதி இருக்கிறது. 500 பேர் வரையுள்ள பஞ்சாயத்துக்கு 50 பேர். 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேற்பட்டால் 300 பேர்.

கூட்டுறவுச் சங்கத்தில் இருக்கும் நமக்கு இவையெல்லாம் புதியன அல்ல. மகாசபை என்றால் என்ன, கோரம் என்றால் என்ன, மினிட்டுப் புத்தகத்தில் ஏறாத பேச்சுக்கு என்ன மதிப்பு என்பதை நாம் பழக்கத்தால் அறிவோம். ஐந்தொகையைக் கையில் கொடுக்காமல் ஒப்புதல் கேட்கும் நிர்வாகத்தை நம் மகாசபை எளிதில் விடுவதில்லை. அதே நாம் கிராம சபைக்குப் போனால் நிலைமை வேறு. திட்டத்தின் நகல் நம் கையில் இராது. எந்த வேலைக்கு எவ்வளவு தொகை என்பது வாசிக்கப்படும்போதுதான் காதில் விழும். கையெழுத்து மட்டும் வருகைப் புத்தகத்தில் முதலிலேயே ஏறிவிடும். கோரம் நிறைந்ததால் சபை கூடியதாகக் கணக்கு. அங்கே யார் என்ன கேட்டார், அதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதைக் கோரம் காட்டாது.

இந்த இடத்தில் உத்திரமேரூரைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் ஏதோ குறைவதாக எண்ணக்கூடும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவ்வூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் ஆகிய குழுக்களையும் விவரிக்கின்றன. ஏரிக்கென்று தனிக் குழு வைத்திருந்ததை நாம் மெச்ச வேண்டும். ஆனால் அந்தச் சபையில் இடம் பெறச் சொந்த நிலமும் சொந்த மனையும் வேத சாஸ்திரப் பயிற்சியும் வேண்டியிருந்தன. பெண்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் அங்கே இடமில்லை. பெருமைக்காக மேடைகளில் எடுத்துக் கூறப்படும் இந்த உதாரணம், பாதிதான் நமக்கு உதவும்.

ஊராரைக் கலந்தாலோசிப்பது மரியாதைக்காகச் செய்யும் காரியம் என்று எண்ணுவோர் உண்டு. நம் பகுதியில் அது தண்ணீரின் விஷயம். கரிசல் மண்ணின் குணம் நாம் அறிந்ததே. காய்ந்தால் ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் உப்பி, நீரைக் கீழே விடாமல் மேலேயே நிறுத்திவைக்கும். மழைநீர் ஓடுவதற்கு ஓடைகள்தாம் வழி. அவற்றுள் பல ஆண்டில் பத்து நாள் மட்டுமே ஓடுவன. மற்ற நாட்களில் வண்டித் தடம் போலவும் ஆட்டுப் பாதை போலவும் தோன்றும். பங்குனியில் வந்து பார்க்கும் எஞ்சினீயர் அங்கே தண்ணீர் ஓடும் என்று நினைக்க நியாயமில்லை. ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். அந்த ஓடையை அடுத்து உளுந்து போடுபவருக்கும் தெரியும்.

ஓர் ஊரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். தாய்க் கிராமத்திலிருந்து ஒரு குக்கிராமத்துக்குத் தார்ச் சாலை வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கோரிக்கை. சாலை மஞ்சூராகிறது. மண் கொட்டி மூன்றடி உயர்த்திப் போடுகிறார்கள். வரைபடத்தில் ஓடை இல்லாத இடத்தில் பாலம் இல்லை. சிறிய குழாய்கூட இல்லை. ஐப்பசியில் கனமழை பெய்ததும் சாலை கரையாகிவிடுகிறது. மேற்குப் பக்கம் நிற்கும் தண்ணீரில் பாசியும் உளுந்தும் ஒரு வாரத்தில் அழுகிப் போகின்றன. கிழக்கே உள்ள கண்மாய்க்கோ வரத்து இல்லை. இருதரப்புக்கும் இதனால் மனஸ்தாபம். இரவில் யாரோ சாலையை வெட்டிவிடுவார்கள், வழக்கு வரும். சாலை கேட்டதில் தவறில்லை, போட்டதிலும் தவறில்லை. எஸ்டிமேட் எழுதுவதற்கு முன் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று அந்தக் காட்டுக்காரரை ஒருவரும் கேட்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டம் மறந்திராது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். கோவில்பட்டியிலும் 40 சென்டிமீட்டருக்கு மேல். அதாவது இந்த வறண்ட பூமியின் ஓராண்டு மழையில் பாதிக்கும் அதிகமானது ஏறக்குறைய ஒரே நாளில் இறங்கிற்று. மாவட்டத்தில் பல கண்மாய்கள் உடைந்தன. அத்தகைய மழையை எந்தத் திட்டத்தாலும் முழுவதும் தடுக்க இயலாது என்பது மெய்யே. ஆயினும், மறுகால் அடைபட்டிருந்த கண்மாய்க்கும் திறந்திருந்த கண்மாய்க்கும், ஓடையை மேடாக்கிய ஊருக்கும் விட்டுவைத்த ஊருக்கும் வித்தியாசம் உண்டு. காற்றாலைக்காகவும் சூரிய மின்நிலையத்துக்காகவும் பெரும் பரப்புகள் கைமாறும் கயத்தாறு, ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் இது இன்னும் கவலைக்குரியது. இந்த நிலையங்கள் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அவற்றுக்குப் போடும் பாதைகளும் வேலிகளும் எந்த ஓடையைக் குறுக்கிடுகின்றன என்பதை வேலி போடுவதற்கு முன் ஊர் பார்க்க வேண்டும் என்கிறோம்.

பார்த்த பிறகு அதை எழுதும் விதம் ஒன்று இருக்கிறது. சபைகளில் நிறைவேறும் தீர்மானங்கள் பலவற்றின் வாசகம் இப்படி இருக்கும்: "கண்மாயைத் தூர்வாரி ஊருக்கு நல்ல வசதிகள் செய்து தர வேண்டும்." இதை எவரும் மறுக்க மாட்டார், எவரும் நிறைவேற்றவும் மாட்டார். எந்தக் கண்மாய்? யாருடைய பொறுப்பில் உள்ளது? ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய 100 ஏக்கருக்கு, மேற்பட்ட கண்மாய்கள் நீர்வளத் துறையின் வசம். அதற்குக் குறைந்தவை பஞ்சாயத்து யூனியன் வசம். துறையின் கண்மாய்க்காக யூனியனுக்கு அனுப்பிய தீர்மானம் மேஜைக்கு மேஜை சுற்றி, ஒரு வருஷம் கழித்து "எமது அதிகார வரம்புக்கு உட்பட்டதன்று" என்ற பதிலோடு திரும்பும். அதற்குள் மற்றொரு மழை போய்விடும்.

ஆகவே தீர்மானத்தில் கண்மாயின் பெயர், சர்வே எண், உரிய அலுவலகம் ஆகியவை இருக்க வேண்டும். வரத்துக்கால் இன்ன சர்வே எண்ணிலிருந்து இன்ன சர்வே எண் வரை இத்தனை மீட்டர் நீளத்துக்குச் சீமைக்கருவேல் அடைத்திருக்கிறது. மடை இரண்டில் ஒன்று பழுது. மறுகாலின் வடபுறச் சுவர் இடிந்திருக்கிறது என்று எழுத வேண்டும். வண்டல் எடுக்க வேண்டுமானால் அதை எந்த நிலங்களுக்கு, எவ்வளவு என்பதையும் சேர்க்கலாம். கண்மாய் வண்டலை விவசாயிகள் தம் நிலத்துக்குக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2017-ஆம் ஆண்டிலேயே வழி செய்யப்பட்டது; 2024-இல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கும்படி அது எளிமையாக்கப்பட்டது. அப்படியிருந்தும் செங்கல் சூளைக்காரர் முந்திக்கொள்வதும், ஒரே இடத்தில் குழியாகத் தோண்டிக் கரையைப் பலவீனமாக்குவதும் நடக்கின்றன. எங்கே தோண்டலாம், எங்கே கூடாது என்பது தீர்மானத்தில் இருந்தால், கேட்பதற்கு ஊருக்கு ஓர் ஆதாரம் இருக்கும்.

இந்த விவரங்களை முற்பகல் 11 மணிக்குக் கூடும் சபையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. முன்னதாகவே நடந்து பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஏற்ற காலம் ஆடியும் ஆவணியும். கண்மாய் வற்றியிருக்கும், ஓடையின் உள்ளேயே நடக்கலாம், கோடையுழவு முடிந்து விதைப்புக்குக் காத்திருக்கும் நாட்கள் அவை. கிராமக் கணக்கில் உள்ள வரைபடத்தின் நகலை எடுத்துக்கொண்டு, பெரியவர் இருவர், ஆடு மேய்ப்பவர் ஒருவர், சர்வே எண் படிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர், தண்ணீர் சுமக்கும் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு நாள் காலையில் நடந்தால் போதும். திரும்பி வந்து மந்தையில் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தை வரைந்து, கல்லையும் சோளத்தையும் வைத்து அடையாளமிடலாம். எழுத்தறியாதவர்களும் இதில் குறைவின்றிக் கலந்துகொள்வார்கள் என்பதைப் பல இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். வரைபடத்தில் பிழை கண்டு முதலில் கையை நீட்டுபவர்கள் பெரும்பாலும் அவர்களே.

இனி, சபைக்கு யார் வர இயலுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சபை ஒரு பஞ்சாயத்து முழுவதுக்கும் ஒன்று. நம் பகுதியில் ஒரு பஞ்சாயத்தின் கீழ் தாய்க் கிராமமும், ஒன்றுக்கொன்று தூரத்தில் உள்ள குக்கிராமங்களும் இருப்பது சகஜம். சபை எப்போதும் தாய்க் கிராமத்திலேயே கூடினால் குக்கிராமத்தாரின் தெருவிளக்கு கடைசியில்தான் வரும். சபையைச் சுழற்சி முறையில் ஒவ்வொரு குக்கிராமத்திலும் கூட்ட வேண்டும், மதச் சார்புடைய எந்த வளாகத்திலும் கூட்டக் கூடாது என்ற அறிவுரைகள் ஒவ்வொரு முறையும் வெளியிடப்படுகின்றன. இவை வெறும் சம்பிரதாயமான வாசகங்கள் அல்ல. கோயில் வாசலில் கூடும் சபைக்கு வரத் தயங்கும் தெருக்கள் எவை என்பதை நாம் அனைவரும் அறிவோம். அங்கே வந்தாலும் ஓரத்தில் நிற்கும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பதையும் அறிவோம்.

பெண்களின் நிலையும் அப்படியே. உள்ளாட்சி இடங்களில் பாதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டு, 2019 டிசம்பர் தேர்தல் அந்த ஏற்பாட்டின்படி நடந்தது. ஆனால் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வண்டியேறிப் போகும் பெண்ணுக்கோ, வீட்டில் பெட்டி ஒட்டிக் கணக்கு முடிப்பவளுக்கோ, முற்பகலில் இரண்டு மணி நேரம் என்பது கூலியில் ஒரு பகுதி. குடிநீர்க் குழாய் எங்கே வைப்பது என்பதை அன்றாடம் குடம் தூக்காதவர்கள் கூடி முடிவு செய்தால், அது நல்லியாக இருந்தும் பயன்படாமல் போகும்.

இதுவரை சொன்னது கிராமத்தைப் பற்றி. நம் நெசவாள அங்கத்தினர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்: எட்டயபுரத்தில் கிராம சபை எங்கே இருக்கிறது? கேள்வி நியாயமானதே. எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், கயத்தாறு, கழுகுமலை, கடம்பூர் ஆகியவை பேரூராட்சிகள். கோவில்பட்டி 36 வார்டுகள் கொண்ட நகராட்சி. இவற்றுக்குக் கிராம சபை கிடையாது. நகரங்களுக்கான 74-ஆவது திருத்தம் வார்டுக் குழுக்களைக் கட்டாயமாக்கியது மூன்று லட்சம் ஜனத்தொகைக்கு மேற்பட்ட நகரங்களில் மட்டுமே. கோவில்பட்டியின் ஜனத்தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. எனவே நெடுங்காலமாக நகரவாசிக்கு இருந்த வழி, கவுன்சிலர் வீட்டுத் திண்ணையும் மனுவும்தான். 2022-இல் வெளியான விதிகளின்படி வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 1 அன்று முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. அவற்றின் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படாமல் நியமிக்கப்படுகிறார்கள் என்பது நம் அபிப்பிராயத்தில் ஒரு குறையே. ஆனாலும் கேட்பதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

அங்கே நெசவாளர்கள் கேட்க வேண்டியது நிறைய உண்டு. குழித்தறி உள்ள வீட்டில் தறிக்குழி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தெருவில் பழைய சாலையின்மேல் புதிய சாலை, அதன்மேல் மற்றொன்று என்று போட்டுக்கொண்டே போனால், பத்து ஆண்டுகளில் தெரு வீட்டைவிட உயர்ந்துவிடுகிறது. ஒரு மழையில் குழிக்குள் தண்ணீர்; பாவு நனைந்து கறைபடும்; மிதிகட்டை ஊறிப்போகும்; தறி ஓடாத நாளுக்குக் கூலி இல்லை. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய தளம் போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அரசின் தலைமைச் செயலாளரே அதிகாரிகளுக்கு அறிவுறுத்தினார். அந்த அறிவுரையை ஒப்பந்தக்காரருக்கு நினைவூட்டுவது யார்? அந்தத் தெருவின் சபைதான். அவ்வாறே, பாவு நீட்டிக் கஞ்சி போடும் தெருவில் மின்கம்பத்தை எங்கே நடுவது, சாக்கடை மூடியை எவ்வளவு உயர்த்துவது, நிழல் தரும் வேம்பை வெட்டலாமா என்பவையெல்லாம் வரைபடம் போடுபவருக்குச் சிறு விஷயங்கள். அதிகாலையில் பாவு நீட்டுபவருக்கு அதுவே தொழிற்கூடம்.

நகரங்களுக்கு மற்றொரு வாசலும் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி முழுமைத் திட்டம் ஒன்று தயாரிக்கப்படும்போது, அரசிதழிலும் நாளேடுகளிலும் விளம்பரம் செய்து, ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். அதற்கான அவகாசம் இரண்டு மாதத்துக்குக் குறையலாகாது. எந்த நிலம் குடியிருப்பு, எது விவசாயம், எது தொழிற்சாலை என்பது அந்த வரைபடத்தில் வர்ணத்தால் குறிக்கப்பட்டுவிடும். பின்னர் மாற்றுவது சிரமம். விளம்பரம் வரும் நாளேட்டை நம் சங்கத்தில் யாராவது ஒருவர் தவறாமல் பார்க்க வேண்டும்.

சபை தீர்மானம் போட்டால் காரியம் நடந்துவிடுமா? நடக்கும் என்று சொன்னால் அது வாசகர்களை ஏமாற்றுவதாகும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பிறகு, ஏகனாபுரம் கிராம சபை அதை எதிர்த்துத் தீர்மானத்தின்மேல் தீர்மானமாக நிறைவேற்றிற்று. திட்டம் அதனால் கைவிடப்படவில்லை. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் 2024 நவம்பரில் முடிவானபோது, அதே மாதம் மேலூர்ப் பகுதிக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பரில் சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய சர்க்கார் ஏலத்தை ரத்துச் செய்தது. ஒரே வகைத் தீர்மானம், இரு வேறு முடிவுகள். ஒடிஷாவின் நியம்கிரி மலையில் 2013-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு விஷயத்தைக் கிராம சபைகளிடமே விட்டது. பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாமென்று சொல்ல, அது நின்றது. அங்கே வன உரிமைச் சட்டம் சபைக்குப் பின்னால் இருந்தது. நம் கரிசல் ஊர்களில் பெரிய திட்டங்களைப் பொறுத்தவரை சபையின் சொல் கட்டளையாகாது. வலிமையான சாட்சியாக மட்டுமே நிற்கும். ஓடை, சாலை, குழாய், தெருவிளக்கு போன்ற ஊர் வேலைகளிலோ அதன் ஒப்புதலே திட்டத்தின் அஸ்திவாரம். இந்த வேற்றுமையை அறியாமல் எதற்கெடுத்தாலும் தீர்மானம் போட்டுவிட்டுப் பின்னர் மனம் சோர்வது பலருக்கும் நேர்கிறது.

ஊர் வேலைகளிலும் பணத்துக்கு எல்லை உண்டு. பதினைந்தாவது நிதிக் கமிஷன் 2021-22 முதல் 2025-26 வரை கிராமப் பஞ்சாயத்துகளுக்குச் சிபாரிசு செய்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டிருந்தது; ஊர் தன் இஷ்டப்படி ஒதுக்கக்கூடியது மீதி 40 சதவீதமே. இதை முன்னரே தெரிந்துகொண்டு சபைக்குப் போகும் ஊர், கட்டப்பட்ட பணத்தில் ஊருணியையும் குழாயையும் சேர்த்துக்கொண்டு, கட்டப்படாத பணத்தைப் பாலத்துக்கு வைக்கும். தெரியாமல் போகும் ஊருக்குக் கிடைக்கும் பதில், "நிதி இல்லை."

கேரளத்தில் 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. பணம் கைக்கு வந்ததால் சபையில் பேச்சுக்கும் மதிப்பு வந்தது. அங்கே கிராம சபை வார்டுக்கு ஒன்றாகக் கூடுகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டார் கூடும் சபையில் பேச வாய் வரும். பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989 முதல் பேட்டைதோறும் கூட்டம் கூட்டி, எந்த வேலை முதலில் என்று ஜனங்களையே வரிசைப்படுத்தச் சொல்லி, ஏழைப் பேட்டைகளுக்குக் கூடுதல் எடை கொடுத்து வரவுசெலவுத் திட்டம் வகுத்தது. ஆட்சிகள் மாறியபோது அதுவும் தேய்ந்தது. இத்தகைய ஏற்பாடுகள் ஒரு முறை நிறுவினால் தாமாக நிற்பவை அல்ல என்பதற்கு நம் ஊரே சாட்சி. 2016 அக்டோபர் முதல் 2019 டிசம்பர்த் தேர்தல் முடியும்வரை நம் கிராமப் பஞ்சாயத்துகளில் தேர்ந்தெடுக்கப்பட்டோர் இல்லை. கோவில்பட்டி நகராட்சியில் 2022 வரை இல்லை. 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்ததும் நம் மாவட்டத்துப் பஞ்சாயத்துகள் மறுபடியும் தனி அலுவலர்கள் பொறுப்புக்குப் போயின. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை என்ற அமைப்பு சட்டத்தில் இருந்தே வந்திருக்கிறது. சொல்லப்போனால், அத்தகைய காலத்தில்தான் ஊரார் எழுதி வைத்த தீர்மானத்துக்கு அவசியம் அதிகம். வெளியூரிலிருந்து வந்து மூன்று, நான்கு பஞ்சாயத்துகளைச் சேர்த்துப் பார்க்கும் அலுவலருக்கு ஊரைப் பற்றிச் சொல்ல வேறு எது இருக்கிறது?

கூட்டுறவுச் சங்கம் இதில் செய்யக்கூடியது என்ன? சபையின் தேதியைச் சர்க்காரே குறிக்கிறது. ஆயினும் அது மாற்றமுடியாததன்று. 2024-இல் நவம்பர் 1 சபை தீபாவளியை முன்னிட்டு 23-ஆம் தேதிக்குத் தள்ளி வைக்கப்பட்டது. 2025-இல் அக்டோபர் 2 சபை அக்டோபர் 11 அன்று நடந்தது. பண்டிகைக்காகத் தேதி நகரலாம் என்றால், மானாவாரி வட்டாரங்களில் விதைப்புக்காகத் திட்டப் பொருளை மட்டுமாவது ஆகஸ்டு 15 சபையிலேயே எடுத்துக்கொள்ளலாம். இதைக் கேட்டுக் கலெக்டருக்கு விண்ணப்பம் அனுப்பும் யோசனையை நம் சங்கங்கள் தத்தம் மகாசபையில் வைக்கலாம். விதைப் பட்டுவாடாவுக்கும் நூல் பட்டுவாடாவுக்கும் அங்கத்தினர்கள் சங்கத்துக்கு வரும் நாட்களில், பஞ்சாயத்தின் சென்ற ஆண்டுத் திட்ட நகலைப் பலகையில் ஒட்டி வைக்கலாம். நகல் தர மறுத்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஆனி மாதத்திலேயே மனுப் போட்டால் ஆவணிக்குள் கையில் இருக்கும்.

ஓடை நடந்து பார்த்த குறிப்புகளுக்கென்று ஒரு தனி நோட்டுப் புத்தகம் போட்டு, அதைச் சங்கத்து அலமாரியில் வைப்பது நலம். தலைவர் வீட்டிலோ செயலாளர் வீட்டிலோ இருந்தால் அவரோடு அது போய்விடும். மழை ஓய்ந்து மார்கழியில் காடு காய்ந்தபின், எந்தக் கரை கரைந்தது, எந்த வயலில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எந்தத் தெருவில் தறிக்குழி நனைந்தது என்பதைத் தேதியோடு அதில் குறிக்கலாம். ஜனவரி 26 சபைக்கு அந்தப் புத்தகத்தையே கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.